சொன்னவன் பிழையா, கேட்டவன் பிழையா?

மாசித் திங்கள் பூர நாள் நெருங்கும்போது, திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் தமிழ் இல்லங்களிலும் புதுப்பானை வந்து சேர்கிறது. கிள்ளியாற்றின் கரையில் உள்ள ஆற்றுக்கால் பகவதி கோயிலைச் சுற்றித் தெருத்தெருவாகச் செங்கல் அடுப்புகள் அமைகின்றன. 2009ஆம் ஆண்டில் ஒரே நாளில் 25 இலட்சம் பெண்கள் அங்குப் பொங்கலிட்டதைக் கின்னஸ் ஏடு பதிவு செய்தது. அவ்வடுப்புகளில் தீ மூட்டும் வேளையை அறிவிப்பது ஒரு பாட்டாகும். விழாவின் தொடக்க நாள் முதல் பாடப்பெறும் தோற்றம் பாட்டு கண்ணகியின் கதையைச் சொல்லி வந்து, பாண்டியனின் வதையைப் பாடி முடிக்கிறது. அதன் பின்னரே கோயில் அடுப்பில் தீ ஏற்றுகின்றனர். அங்கிருந்து நகரெங்கும் தீ பரவுகிறது.

ஆண்டுதோறும் அப்பாட்டைக் கேட்கும் நமக்கு ஒரு வினா எழாமல் இராது. பாண்டியன் வீழ்ந்தது யாரால்? நம் வீடுகளில் இதைப் பேசத் தொடங்கினால், முதியோர் ஊழ்வினை என்பர். கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் பொற்கொல்லனின் சூது என்பர். மன்னனின் பிழையே என்று சொல்வோர் சிலரே. இவ்வழக்கைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

இளங்கோவடிகள் காட்டும் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். அவனுடைய ஒரு நாளின் ஒரு சிறு பொழுதையே அடிகள் நம் முன் வைக்கிறார். ஆடல் மகளிரின் கூத்தில் மன்னன் மனம் சென்றது எனக் கோப்பெருந்தேவி ஊடுகிறாள். தலைநோவு என்று சொல்லி அவையை விட்டு அகல்கிறாள். அவள் ஊடலைத் தணிக்க மன்னன் அந்தப்புரம் நோக்கி விரைகிறான். வழியிலே பொற்கொல்லன் அடி வீழ்ந்து, தேவியின் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகிறான். உண்மையில் அச்சிலம்பைக் கவர்ந்தவன் அவனே. மன்னனோ ஆராயவில்லை. காவலரை அழைத்து, கள்வனின் கையில் சிலம்பு இருப்பின் அவனைக் கொன்று அதைக் கொணருமாறு ஆணையிட்டு நடக்கிறான். சென்ற காவலருள் ஒருவன் கோவலனைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என ஐயுறுகிறான். கொல்லன் அவனை எள்ளி நகைத்து, கள்வரின் தந்திரங்களை விரித்துரைக்கிறான். கல்லாத குடியன் ஒருவனின் வாள் வழக்கை முடித்துவிடுகிறது.

எண்ணிப் பார்த்தால் வெளியிலிருந்து வந்த காரணங்கள் பல. கொல்லனின் பொய் ஒன்று. தேவியின் ஊடல் ஒன்று. குடியனின் வாள் ஒன்று. இவற்றின் மேல் ஊழும் நிற்கிறது. முற்பிறவியில் கோவலன் பரதன் என்னும் பெயருடன் வாழ்ந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பழி கூறிக் கொல்வித்தான் என்றும், அவ்வணிகனின் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறவியில் பலித்தது என்றும் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கிறது. இத்துணையும் கேட்ட பின், பாவம், பாண்டியன் என்ன செய்வான் என்று நாம் இரங்கக்கூடும்.

ஆயின் அடிகள் அவ்வாறு நம்மைத் தப்ப விடுவதில்லை. வழக்குரைக்கும் இடத்தைப் பாருங்கள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தேவியின் சிலம்புப் பரல் முத்து என்கிறான் மன்னன். சிலம்பு ஒன்று உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, உண்மை வெளிப்படுகிறது. இச்சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு சிலம்பை உடைக்கும் நேரமே. இதே சோதனையை, இதே மன்னன், கோவலன் உயிரோடிருந்தபோதே செய்திருக்கலாம். பொய் சொன்னது கொல்லனின் தொழில். ஆராய்வது அரசனின் தொழில். தன் தொழிலைக் கொல்லன் செய்தான், அரசன் செய்யவில்லை.

இதனை நமக்கு முன்னே உணர்ந்தவன் பாண்டியனே. இறக்கும் முன் அவன் பேசும் பேச்சில் கொல்லன் வருகிறான். எவ்வாறு வருகிறான்? தன்னை ஏமாற்றியவனாக அன்று. தன்னால் கேட்கப்பட்ட சொல்லுக்கு உரியவனாக மட்டுமே. அச்சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று தன்மேல் தீர்ப்புக் கூறி, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறக்கிறான். ஊழ் என்று அவன் சொல்லவில்லை. தேவியின் ஊடலைச் சுட்டவில்லை. கொல்லனைப் பிடித்து வருக என்றும் ஆணையிடவில்லை. ஆற்றுக்கால் பாட்டில் மன்னனை வெளியிலிருந்து தண்டனை வந்து அடைகிறது. சிலப்பதிகாரத்திலோ அவனே தனக்கு நீதிபதி ஆகிறான். இச்செய்தியைக் கேட்ட சேரன் செங்குட்டுவனும், வளைந்த செங்கோலைப் பாண்டியனின் பிரிந்த உயிர் நிமிர்த்தியது எனப் போற்றுகிறான். அவன் பெருமை பிழை செய்யாமையில் இல்லை. பிழையைப் பிறர் தோளில் ஏற்றாமையில் இருக்கிறது.

மேல்நாட்டு நாடகம் பயின்றோர்க்கு இங்கே ஒதெல்லோவின் நினைவு வரும். 1604இல் இலண்டன் அரசவையில் நடிக்கப்பெற்ற ஷேக்ஸ்பியர் நாடகம் அது. அங்கும் ஒரு பொய்யன், இயாகோ. அங்கும் ஒரு பொருள், சிலம்புக்குப் பதிலாகக் கைக்குட்டை. கண்ணால் காணும் சான்று வேண்டும் என்று ஒதெல்லோ கேட்கிறான். சான்று என்று காட்டப்பட்டதை ஆராயாமல் நம்பி, குற்றமற்ற மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்றுவிடுகிறான். நாடும் காலமும் வேறாயினும், பொய் நுழைவதற்கு வேண்டிய வாயில் ஒன்றே: ஆராயாத செவி.

இனி, இந்நகரிலேயே பிறந்த தமிழ் நாடகம் ஒன்றுக்கு வருவோம். இன்று யூனிவர்சிட்டி கல்லூரி என வழங்கும் அன்றைய மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார்கள். அதன் பாயிரப் பாடலின் பகுதியையே 1970 முதல் தமிழ்நாடு தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடி வருகிறது. பாடலை அறிந்த நம்முள் பலர் நாடகத்தை அறியோம்.

அந்நாடகத்திலும் ஒரு பாண்டியன், சீவகன். அவனும் நல்லவன், அவனும் செவி மெலிந்தவன். அமைச்சன் குடிலன் சொல்லைக் கேட்டே மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறுகிறான். குடிலன் சொல்லைக் கேட்டே நாஞ்சில் நாட்டை முன்னிட்டுச் சேரனோடு போர் வரவழைத்துக்கொள்கிறான். மெய்யன்பனாகிய நாராயணனைத் தண்டிக்கவும் துணிகிறான். கொல்லனின் ஒரு பொய் நெடுஞ்செழியனை வீழ்த்தியது. சீவகனையோ குடிலனின் நூறு பொய்களும் வீழ்த்தி முடிக்கவில்லை. காரணம் யாது? அவனுக்குச் சுந்தர முனிவர் என்னும் குரு இருந்தார். அவர் முன்னறிந்து அமைத்த சுரங்க வழியே குடிலனின் வஞ்சனையை வெளிப்படுத்துகிறது. அவ்வழியைக் காட்டிக்கொடுத்துப் பயன்பெறச் சென்ற குடிலனைச் சேரன் புருடோத்தமன் விலங்கிட்டு அதே வழியாக அழைத்து வருகிறான். மனோன்மணி அவனுக்கே மாலையிடுகிறாள்.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் சொல் எல்லாம் கேடு அன்று. முனிவரின் சொல்லும் வெளியிலிருந்து வந்ததே. சீவகனின் இரு பக்கத்திலும் இருவர் நின்றனர். யாருக்குச் செவி கொடுப்பது என்பது அவன் கையில் இருந்தது. அவன் தவறித் தேர்ந்தான். எனினும் நல்லவரின் துணையை முற்றும் துறந்துவிடாமையால் பிழைத்தான். ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை வைத்த வள்ளுவரே, 51ஆம் அதிகாரத்தில் ஆராய்ந்து தெளிதலையும், 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையையும் வைத்தார் என்பதை இங்கே நினைவு கொள்ளலாம்.

அயலூரில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கிய ஆராய்ச்சி அன்று. வீட்டில் ஒரு பிள்ளை வழி தவறினால், இந்த ஊரே கெடுத்துவிட்டது, கூட்டாளிகள் கெடுத்துவிட்டனர் என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். கூட்டாளி கெடுத்திருக்கலாம், ஆயின் பிள்ளையின் மாலைப் பொழுது எங்கே கழிகிறது என்று நாம் கேட்டோமா? அவனும், நான் ஏன் அச்சொல்லைக் கேட்டேன் என்று தன்னைக் கேட்கக் கற்றானா? மற்றொன்று இதனினும் கடியது. நம் குடும்பங்கள் சில. ஒருவரை ஒருவர் அறிவோம். ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றியோ, கடையில் வேலை செய்யும் ஒரு பையனைப் பற்றியோ ஒருவர் சொன்ன பழி, அன்று மாலைக்குள் எல்லார் செவிக்கும் எட்டிவிடுகிறது. அப்போது நாம் ஒவ்வொருவரும் அந்தப்புரத்துக்கு விரையும் பாண்டியன் நிலையில் இருக்கிறோம். நமக்கும் வேறு வேலை இருக்கிறது, நமக்கும் அவசரம்.

சம்பந்தப்பட்டவரை அழைத்து ஒரு கேள்வி கேட்க ஒரு சிலம்பை உடைக்கும் நேரமே ஆகும். வருகிற மாசியில் பாண்டியனின் கதை பாடி முடிந்து அடுப்பில் தீ எழும்போது, அவ்வொரு கேள்வியை நம் நெஞ்சில் இருத்திக்கொண்டு வீடு திரும்புவோமாக.