காவி உடுத்திய கத்தோலிக்கர் – 9: ‘குருதேவ்’ என்று முதலில் அழைத்தவர்

நர்மதைக் கரையில் கத்தோலிக்கத் துறவிகளுக்கு ஒரு மடம் அமைக்கும் முயற்சி கைகூடாமல் வங்காளிக் கத்தோலிக்கத் துறவி பிரம்மபாந்தவ் உபாத்யாய் கல்கத்தா திரும்பிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அவருடைய ‘சந்தியா’ நாளிதழ் மீதான ராஜத்துரோக வழக்கு என்று சொல்லியிருந்தேன். ஆனால் வழக்குக்குப் போகும் வழியில் சித்பூர் சாலையை ஒட்டி, துவாரகநாத் தாகூர் சந்தில், தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ வீடு இருக்கிறது. அதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ரவீந்திரநாத் தாகூரை உலகமே குருதேவ் என்கிறது. காந்தி அப்படித்தான் அழைத்தார். சாந்திநிகேதனில் இன்றும் அப்படித்தான். அந்தப் பட்டத்தைத் தமக்குச் சூட்டியவர் உபாத்யாய் என்று தாகூரே எழுதி வைத்திருக்கிறார். கராச்சியில் ஞானஸ்நானம் பெற்று, காவி உடுத்தி, கழுத்தில் கருங்காலிச் சிலுவை அணிந்து நடந்த கத்தோலிக்கத் துறவி, பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்த கவிஞருக்குக் கொடுத்த பட்டம் அது. ஒரு வாரமாக இதையே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள்? கவிதையால்தான். 1900 செப்டம்பர் 1ஆம் தேதி, உபாத்யாய் நடத்திய ‘சோபியா’ வார இதழில் நரஹரி தாஸ் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அவரேதான். தாகூரை அதில் வங்கத்தின் உலகக் கவி என்றார். நோபல் பரிசு 1913இல்தான் வருகிறது. அதற்குப் பதின்மூன்று வருஷம் முந்தி, வங்காளத்துக்கு வெளியே அவரைப் படித்தவர்களே அரிதாக இருந்த நாளில், இப்படி எழுத ஒரு கண் வேண்டும். மறு வருஷம் ‘நைவேத்ய’ கவிதைகள் வெளிவந்தபோது ‘ட்வென்டியத் செஞ்சுரி’ இதழில் மறுபடியும் மனம் திறந்து பாராட்டினார். அப்படித் தயக்கமில்லாத பாராட்டை அதுவரை வேறெங்கும் பெற்றதில்லை என்று தாகூர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பழக்கம் அங்கிருந்து தொடங்கியது.

இதே காலத்தில்தான் திருச்சபை உபாத்யாயிடமிருந்து விலகிக்கொண்டிருந்தது. போப்பின் பிரதிநிதி சலெஸ்கி அப்போது இலங்கையில், கண்டியில் இருந்தார். அவருடைய எச்சரிக்கை முதலில் ‘சோபியா’ மேல் விழுந்தது. பிறகு ‘ட்வென்டியத் செஞ்சுரி’ மேலும் விழுந்தது. கத்தோலிக்கர்கள் கையில் எடுக்கக் கூடாத பத்திரிகைகள் ஆயின. உபாத்யாய் சொன்னது என்ன? தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை வேதாந்தத்தின் சத், சித், ஆனந்தம் வழியே இந்தியனுக்கு விளக்கலாம். இறையியலாளர் அக்வினாஸுக்கு அரிஸ்டாட்டில் உதவியதுபோல நமக்குச் சங்கரர் உதவுவார் என்பதுதான். 1898இல் அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய ‘வந்தே சச்சிதானந்தம்’ துதியின் சாரமும் இதுவே.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில், தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் இருக்கிறதே, அதன் முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். 1950இல் அதைத் தொடங்கியவர்கள் மோன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள். அவர்களும் காவிதான் உடுத்தினார்கள். நர்மதைக் கரையில் உபாத்யாயால் முடியாதது அரை நூற்றாண்டு கழித்து நம் காவிரிக் கரையில் நடந்தது. அதற்கு ஒரு தனி வாரம் ஒதுக்க வேண்டும், ஒதுக்குவேன்.

சாந்திநிகேதனுக்கு வருகிறேன். கல்கத்தாவில் உபாத்யாயும் சிந்துவிலிருந்து அவரோடு வந்த சீடர் ரேவாசந்தும் ஒரு சிறு பள்ளி நடத்தி வந்தார்கள். பழைய குருகுலத்தைப் போல ஒன்று வேண்டும் என்று தாகூருக்கும் ஆசை. அப்பா தேவேந்திரநாத்தின் ஆசிரம நிலம் போல்பூரில் இருந்தது. இரண்டும் சேர்ந்தன. 1901 டிசம்பர் 22ஆம் தேதி பிரம்மசரிய ஆசிரமம் திறக்கப்பட்டபோது மாணவர்கள் ஐந்தே பேர். அதில் ஒருவன் தாகூரின் மகன் ரதீந்திரநாத். கட்டணம் கிடையாது. விடியுமுன் எழுந்து குளிக்க வேண்டும், காலில் செருப்பு கூடாது, மரத்தடியில் பாடம். பள்ளிக்கூடச் செலவுக்குத் தாகூரின் மனைவி மிருணாளினி நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தின் நிலம். பண்டை ரிஷிகளின் பெயரால் ஒரு பள்ளி. அதை நடத்தக் கை கொடுப்பவர்கள் ஒரு வங்காளிக் கத்தோலிக்கரும் ஒரு சிந்திக் கத்தோலிக்கரும். பின்னாளில் விசுவபாரதியாக வளர்ந்த நிறுவனத்தின் கால்கோளில் இவர்கள் பங்கு இருக்கிறது. இதைச் சாந்திநிகேதனுக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேருக்குச் சொல்கிறோம்?

ஒரு கசப்பையும் எழுத வேண்டும். உபாத்யாய் வர்ணாசிரமத்தை ஆதரித்தவர். பிறப்பால், சமூக வாழ்வால் தாம் இந்து, விசுவாசத்தால் கத்தோலிக்கர் என்று அவர் பிரித்துச் சொன்னபோது, அந்தச் சமூக வாழ்வுக்குள் சாதியையும் சேர்த்தே வைத்தார். ஆசிரமத்தின் தொடக்க நாட்களில் அந்தக் கட்டுப்பாடுகள் இருந்தன. தாகூரும் அன்று அவற்றுக்கு உடன்பட்டார், பிறகு கடந்து வந்தார். உபாத்யாய் கடக்கவில்லை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் வாழ்ந்த அதே காலத்தில், சச்சிதானந்தத்தை இவ்வளவு நுட்பமாக யோசித்த மனம் சேரியைப் பற்றி யோசிக்கவில்லை. அவரை நேசித்துத்தான் இந்தத் தொடரை எழுதுகிறேன். ஆனாலும் இந்த இடத்தில் அவர் பக்கம் என்னால் நிற்க முடியாது.

சில மாதங்களில் அவர் சாந்திநிகேதனை விட்டுக் கிளம்பிவிட்டார். 1902 ஜூலையில் ஹௌரா ரயில் நிலையத்தில் இறங்கியபோது விவேகானந்தர் மறைந்த செய்தி கிடைத்தது. இருவரும் இளமையில் நண்பர்கள். விவேகானந்தர் விட்ட வேலையைத் தொடர வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்து, சில மாதங்களில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கையில் இருபத்தேழு ரூபாய் இருந்தது என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் வேதாந்தம் பேசினார். திரும்பி வந்து 1904இல் ‘சந்தியா’வைத் தொடங்கினார். கடைத்தெரு வங்காளத்தில், வெள்ளைக்காரனைக் கூசாமல் ஏசிய நாளிதழ்.

இந்தத் தீவிர அரசியலிலிருந்து தாகூர் விலகி நின்றார். பல நாள் சந்திப்பே இல்லை. ஒரு நாள் ஜோராசாங்கோ வீட்டின் மூன்றாம் மாடி அறைக்கு உபாத்யாய் வந்தார். பழைய விஷயங்கள் பேசினார்கள். விடைபெற்று வாசல்வரை போனவர் திரும்பி நின்று, ரவிபாபு, நான் மிகவும் வீழ்ந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். இதைத் தாகூர் 1934இல் ‘சார் அத்யாய்’ நாவலின் முன்னுரையில் எழுதினார். உபாத்யாய் இறந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. வங்காளம் கொதித்தது. தாகூர் விளக்கம் எழுத வேண்டி வந்தது. அடுத்த பதிப்பில் முன்னுரையே இல்லை.

எது அந்த வீழ்ச்சி? புரட்சி அரசியலை நினைத்து வருந்தினார் என்று ஒரு சாரார். கிறிஸ்துவை விட்டு விலகியதை என்று இன்னொரு சாரார். முதலாவதை நான் ஏற்கவில்லை. நீதிமன்றத்தில், அந்நிய அரசுக்குத் தாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்று அறிவித்த மனிதர் அரசியலுக்காக வருந்தியிருக்க மாட்டார். ‘சந்தியா’வில் நாள்தோறும் கொட்டிய ஏச்சும் வெறுப்பும்தான் அந்தத் துறவியை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். தாகூர் அந்தத் தனிப்பட்ட வார்த்தையைப் புரட்சியாளர்களைக் கண்டிக்கும் ஒரு நாவலின் வாசலில் மாட்டியது சரியில்லை.

ஆக, வழக்கு அடுத்த வாரம். நீதிபதி கிங்ஸ்ஃபோர்ட், உபாத்யாய்க்காக நின்றவர் சித்தரஞ்சன் தாஸ், உபாத்யாயின் மரணம் 1907 அக்டோபர் 27இல் கேம்பெல் மருத்துவமனையில். அதே கிங்ஸ்ஃபோர்டைக் குறிவைத்துத்தான் மறு வருஷம் முசாஃபர்பூரில் குதிராம் போஸின் குண்டு வெடித்தது. அதற்குள் ‘சார் அத்யாய்’ எந்த மொழியில் கிடைத்தாலும் ஒருமுறை படித்து வையுங்கள்.