நைலோன் கயிற்றின் நுனி பிரியாதிருக்க

மாத்தளை மாவட்டத்து நாவுலப் பகுதியில் பாகல், புடோல், பயற்றை ஆகியவற்றுக்குப் பந்தலிடும் கமக்காரருக்கு நைலோன் கயிறு பெரிதும் உதவுவதாகும். மழையில் அது உக்குவதில்லை; ஆயினும் வெட்டிய நுனி விரைவில் பிரிந்துவிடும். தென்னந்தும்பு சொரசொரப்பானது, இழைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும். செயற்கை இழைகளோ வழுவழுப்பானவை. முறுக்குத் தளர்ந்தால் புரி கழன்று முடிச்சும் நழுவும். காய்ப்பாரம் ஏறிய பந்தல் சரிய அதுவே போதும்.

ஆதலின், வெட்டுமிடத்தின் இருபுறமும் முதலில் நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கிக் கட்டுதல் வேண்டும். கட்டின் நீளம் கயிற்றின் பருமனுக்குக் குறையலாகாது. வெட்டியபின் நுனியை விளக்குச் சுடரின் ஓரத்தே பிடித்து மெல்ல உருக்குதல் நன்று; சுடருக்குள் நுழைத்தால் கருகி நொறுங்கும். கடையில் நைலோன் எனப்படுவதெல்லாம் நைலோன் அன்று. மலிவான பொலிபுரொப்பிலீன் கயிறு ஏறக்குறைய 165 பாகை செல்சியசிலேயே உருகும். நைலோனுக்கு 220 பாகையேனும் வேண்டும்.

உருகிய துளி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அதனை விரலால் உருட்டாது, ஈரக் குச்சியால் அழுத்துதல் வேண்டும். வைக்கோற் போரின் அருகே இவ்வேலை கூடாது. தும்புக் கயிறு உருகாது, எரியும். அதற்கு நூற்கட்டே தக்கது. கத்தரித்த துண்டுகளை வயலில் விடலாகாது. மாடு தின்றால் அவை வயிற்றில் சிக்கும்.