பக்கவாதமும் உடற்பயிற்சிச் சிகிச்சையும்: ஆய்வுகள் காட்டும் வழி

பக்கவாதத்தால் தாக்குண்டவரின் உயிரைக் காப்பது மருத்துவத்தின் முதற்கடமை. அவர் மீண்டும் நடக்கவும் உழைக்கவும் துணைபுரிவது அதன் இரண்டாவது கடமை. முதற்கடமை பெரும்பாலும் மருத்துவமனையில் சில நாட்களில் முடிகிறது. இரண்டாவதற்குப் பல மாதங்கள் தேவைப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி நோயாளியின் வீட்டிலேயே கழிகிறது. பொருளீட்டுபவர் படுக்கையில் வீழ்ந்தால் அவரது வருவாய் நின்றுபோவதோடு, அவரைப் பேணுபவரின் வருவாயும் குறைகிறது. ஆகவே இது பொருளாதாரப் பிரச்சினையும் ஆகும்.

பயிற்சியின் அடிப்படை

மூளையில் அழிந்த நரம்பணுக்களை உடற்பயிற்சியால் மீட்க இயலாது. எனினும், ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, பழுதுபடாத பகுதிகள் இழந்த பணியின் ஒரு கூற்றை ஏற்றுக்கொள்கின்றன. எப்பயிற்சியை, எப்போது, எவ்வளவு, எவர் மூலம் அளிப்பது என்பதே ஆய்வாளர்கள் விடை தேடும் வினா.

உலக ஆய்வுகள்

2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 222 நோயாளிகள் பங்குபெற்றனர். ஒரு பிரிவினரின் நலமான கையின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தி, நலிந்த கைக்கு இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி அளித்ததில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது. 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு 408 பேரிடம் நடத்தப்பட்டது. உடல் எடையைத் தாங்கும் கருவியுடன் கூடிய நடைப்பொறிப் பயிற்சி, வீட்டில் சிகிச்சையாளர் அளித்த எளிய பயிற்சியைவிட மேலான பயன் தரவில்லை. 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், 770 பேரிடம் சோதிக்கப்பட்ட இயந்திர மனிதக் கருவிப் பயிற்சியும் வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறனை உயர்த்தவில்லை. விலையுயர்ந்த கருவி மிகுந்த பயன் தரும் என்ற எண்ணத்திற்கு இவ்விரு முடிவுகளும் இடமளிக்கவில்லை.

பயிற்சி தொடங்கும் காலமும் முக்கியமானது. ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2015-இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்திற்குள் தீவிரமாக எழுப்பி நடமாடச் செய்யப்பட்டவர்களுள் 46 விழுக்காட்டினரே மூன்று மாதத்தில் நல்ல நிலையை எட்டினர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் இது 50 விழுக்காடு. விரைவு எப்போதும் நன்மையாகாது என்பது இதனால் புலனாயிற்று.

ஐதராபாத்தும் இந்திய ஆய்வும்

மேலைநாட்டு முடிவுகளை அப்படியே நம் நாட்டிற்குப் பொருத்துவது முறையன்று. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் நோயாளர் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு 2002-இல் வெளியான கட்டுரை, மூளையினுள் அமைந்த பெரிய இரத்தக் குழாய்களின் நோயால் விளையும் பக்கவாதம் இங்கு மிகுதி எனக் காட்டியது. நோயின் இயல்பைப் போலவே சிகிச்சை வசதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

2007-இல் ஐதராபாத்தில் தன் இந்தியப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரி வல்லுநர்களும் முன்னின்று நடத்திய ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. இயன்முறைச் சிகிச்சையாளர் பற்றாக்குறையைக் குடும்பத்தினருக்குப் பயிற்சி அளித்து ஈடுசெய்ய இயலுமா என்பதே அதன் வினா. 2014 முதல் 2016 வரை 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஆறு மாத முடிவில் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்வோர் இரு பிரிவிலும் 47 விழுக்காடே. குடும்பத்தினருக்குக் கூடுதலாக அளித்த பயிற்சியால் வேறுபாடு விளையவில்லை.

கொள்கைக்கான படிப்பினை

உடற்பயிற்சி பயனற்றது என்று இம்முடிவுக்குப் பொருள் கொள்ளலாகாது. இரு பிரிவினரும் வழக்கமான சிகிச்சையைப் பெற்றே வந்தனர். குறுகிய பயிற்சி பெற்ற உறவினர் தேர்ந்த சிகிச்சையாளருக்கு மாற்றாகிவிடுவர் என்று கருத இடமில்லை என்பதே அது தரும் படிப்பினை. குடும்பத்தாரின் உழைப்பு அரசின் வரவுசெலவுக் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆயினும் இழந்த கூலி, தடைப்பட்ட கல்வி ஆகியவற்றின் வாயிலாக அதற்கான விலையைக் குடும்பம் செலுத்துகிறது. பயன் மெய்ப்பிக்கப்படாத சுமையை அதன்மீது ஏற்றுவது சிக்கனமாகாது.

2010-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொற்றாநோய்த் திட்டம் பக்கவாதத்தையும் உள்ளடக்கியது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இயன்முறைச் சிகிச்சை உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்குத் தேசிய ஆணையம் அமைக்க வழிசெய்தது. இவ்விரண்டையும் இணைத்து, சிகிச்சையாளரின் மேற்பார்வையில் இயங்கும் பயிற்சி பெற்ற ஊதியப் பணியாளர்களை மாவட்ட அளவில் அமர்த்தி, அதன் பயனை முறையான ஆய்வால் அளந்தறிதல் அடுத்த படியாகும். அளந்தறிந்த பின்னரே விரிவாக்குவது என்பது திட்டமிடுதலின் இன்றியமையாத நெறி.