லினக்ஸ் கணினி தொடக்கத்தில் உறைதல்

லினக்ஸ் கணினி தொடக்கத்தில் உறைதல் என்பது, கணினியை இயக்கியபின் நுழைவுத் திரை வருமுன்பே அது அசைவற்று நின்றுவிடுவதாகும். பலரும் உடனே இயங்குதளத்தை மறுபடி நிறுவ முற்படுகின்றனர். பெரும்பாலும் அது தேவையற்றது. பயனரின் கோப்புகள் வட்டில் அப்படியே இருக்கும். அவசர மறுநிறுவலில்தான் அவை அழிகின்றன.

கணினியின் நிலைபொருள் (பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ) முதலில் க்ரப் என்னும் தொடக்க ஏற்றியை அழைக்கிறது. க்ரப், கருனியை (கர்னல்) நினைவகத்தில் ஏற்றுகிறது. கருனி வன்பொருள்களை அடையாளம் கண்டு, சிஸ்டம்டி என்னும் நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அது வட்டுப் பிரிவுகளை இணைத்து, சேவைகளைத் தொடங்கி, நுழைவுத் திரையைக் காட்டுகிறது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உபுண்டுவில் சின்னம் மட்டும் தோன்றும் அழகிய திரை, தேவையான இந்த விவரத்தையே மறைத்துவிடுகிறது. அதை நீக்க, தொடங்கும்போது பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். யூஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் விசையைத் தட்ட வேண்டும். க்ரப் பட்டியல் வந்ததும் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' எனத் தொடங்கும் வரியில் உள்ள 'குவயட்', 'ஸ்பிளாஷ்' ஆகிய சொற்களை அழித்து எஃப்10 அழுத்தினால், செய்திகள் வரிவரியாக ஓடும். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

திரை கருமையாகி நின்றால், வரைகலை இயக்கியே முதல் சந்தேகத்துக்குரியது. என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது. அதே வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்னும் சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றிச் சேர்த்தால் பெரும்பாலும் திரை வந்துவிடும். பிறகு உரிய இயக்கியை நிறுவலாம். இற்றைப்படுத்தலுக்குப் பிறகு உறைந்திருந்தால், க்ரப்பின் மேம்பட்ட தெரிவுகளில் பழைய கருனியைத் தேர்ந்தெடுப்பது எளிய வழி.

சில வேளை அது உறைவே அன்று. கழற்றிவிட்ட வட்டு ஒன்றின் பெயர் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் நீக்கப்படாமல் இருந்தால், சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடிகள் அதற்காகக் காத்திருக்கும். பொறுமையற்றவர் அதற்குள் மின்பொத்தானை அழுத்திவிடுவார்! வட்டு நிரம்பியிருந்தாலும் நுழைவுத் திரை வராமல் போகலாம். மீட்பு முறையில் நுழைந்து இடத்தைக் காலிசெய்ய வேண்டும். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் 'எஃப்எஸ்சிகே' கட்டளையை, எழுதும் நிலையில் இணைக்கப்பட்ட பிரிவின் மீது இயக்கக் கூடாது. அது தரவைக் கெடுக்கும்.

மின்பொத்தானை நாடும் முன், ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் விசைகளைப் பிடித்தபடி எஸ், யு, பி விசைகளைச் சற்று இடைவெளி விட்டு அழுத்தலாம். எழுதப்படாத தரவு வட்டில் எழுதப்பட்டு, கணினி மறுபடி தொடங்கும்.

எதுவும் பலிக்காவிடில், வேறொரு கணினியில் உருவாக்கிய நேரடி யூஎஸ்பி மூலம் தொடங்கி, 'ஹோம்' அடைவை வெளிவட்டில் நகலெடுக்கலாம். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதற்குரிய கடவுச்சொல் தேவைப்படும்.