மாட்டு டாக்டர் நம்ம பக்கம் தங்கணும்னா...



நம் குழுக்களில் கறவை மாட்டுக் கடனுக்குத் தனி மதிப்பு உண்டு. வேறு எதற்குக் கடன் வாங்கினாலும் அது செலவாகப் போய்விடும். மாடு வாங்கினால் காலையும் மாலையும் காசு வரும். ஆனால் கன்று போட்ட மறுநாள் ராத்திரி அந்த மாடு படுத்துவிட்டால்? கழுத்தை மடக்கி விலாப்பக்கம் சாய்த்துக்கொள்ளும். காது சில்லென்று ஆகிவிடும். தட்டினாலும் எழுந்திருக்காது. இதுதான் பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு சுடாது. ரத்தத்தில் கால்சியம் திடீரென்று குறைவதால் வருகிறது. நரம்பில் கால்சியம் மருந்தை மெதுவாக ஏற்றினால் பல மாடுகள் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று சாணி போடும். ஏற்றாவிட்டால் சில மணி நேரத்தில் செத்துப்போகலாம். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினாலும் இதயம் நின்றுவிடும். மருந்து அத்தனை விலை இல்லை. ஏற்றத் தெரிந்த கைதான் வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கைக்கு எங்கே போவது என்பதுதான் கூட்டமைப்புக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி.

அரசு மருந்தகத்தில் டாக்டர் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். 5,000 மாட்டுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று தேசிய வேளாண்மை ஆணையம் 1976-லேயே சொல்லிவிட்டது. அப்படியே போட்டாலும் ஒருவர் எத்தனை தொழுவத்துக்கு ஓடுவார்? தடுப்பூசி முகாம், கணக்கெடுப்பு, அறிக்கை எல்லாம் அவர் தலையில்தான். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். அந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஆனால் ஒரு வண்டி பல ஊருக்கும் போக வேண்டும். எனவே சொந்தமாகத் தொழில் செய்யும் டாக்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று எல்லாரும் ஆசைப்படுகிறோம். ஆசைப்பட்டால் வந்துவிடுவாரா?

அவர் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். கால்நடை மருத்துவப் படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். படித்து முடித்தவர் தேர்வாணையத் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போனால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 55 ஆயிரத்துக்கு மேல். நாமக்கல் பக்கம் போனால் கோழிப் பண்ணைகளும் தீவனக் கம்பெனிகளும் வேலை தருகின்றன. கோயம்புத்தூர், சென்னையில் நாய், பூனைக்கு மருத்துவமனை வைக்கலாம். கோம்பை நாய்க்குப் பேர்போன மண் நம்முடையது. ஆனாலும் நாயைக் கொண்டுவந்து காட்டி, கையோடு பணம் கொடுத்துப் போகிறவர்கள் டவுனில்தான் இருக்கிறார்கள். நம்ம ஊருக்கு வந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்?

உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பகலில் சுலபமாக முடிகிற வேலைக்கெல்லாம், அதாவது சினை ஊசி, குடற்புழு மருந்து போன்றவற்றுக்கு, நாம் விலை குறைவான ஆளைக் கூப்பிடுகிறோம். கன்று குறுக்கே மாட்டி, இரண்டு பேர் இழுத்துப் பார்த்துக் கைவிட்ட பிறகுதான் டாக்டர் நம்பரைத் தேடுகிறோம். அவர் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து, முழங்கை வரை கைவிட்டு, ரத்தமும் சாணியுமாக நின்று வேலை முடித்தால், "பால் பணம் வந்ததும் தாரேன் சார்" என்கிறோம். மாடு செத்துவிட்டால் அதுவும் இல்லை. பத்து வீட்டில் இப்படிப் பாக்கி நின்றால் அவர் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்? அரசு ஆணை கையில் கிடைத்த அன்றே கிளம்பிவிடுவார்.

ஊசி போடும் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். சிறு சிகிச்சைகளை மட்டும், அரசு அனுமதித்த பணியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். மற்றவர் போடும் ஊசியில் மருந்து தப்பினால் மாடும் போகும், பாலிலும் மருந்து கலக்கும். இருந்தாலும் ராத்திரி கூப்பிட்ட குரலுக்கு வருபவர் அவர் ஒருவர்தான் என்றால், உறுப்பினரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

திராட்சை வியாபாரி நம் தோட்டத்துக்கு வண்டியைக் கொண்டு வருகிறார். ஒரு பெட்டிக்காகவா வருகிறார்? ஒரே சுற்றில் லோடு நிரம்பும் என்பதால் வருகிறார். டாக்டர் விஷயமும் இப்படித்தான். ஆப்பிரிக்காவில் கென்யா என்ற நாட்டில், படித்த கால்நடை மருத்துவர் எல்லாருக்கும் அரசு வேலை தருவதை 1988-ல் நிறுத்தினார்கள். இனி அவர்களே ஊர் ஊராகப் போய்த் தொழில் வைப்பார்கள் என்று நினைத்தார்கள். வைத்தவர்கள் கறவை மாடு நெருக்கமாக இருக்கும் மலைப்பாங்கான பகுதியிலேயே கூடிவிட்டார்கள். ஆடு மாடு மேய்த்துத் திரிபவர்களின் வறண்ட பகுதிக்குப் போக ஆள் இல்லை.

குஜராத்தில் வேறு மாதிரி நடந்தது. 1946-ல் ஆரம்பித்த கேடா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம், நாம் அமுல் என்று சொல்கிறோமே அதுதான், டாக்டர் வருவார் என்று காத்திருக்காமல் தானே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. ஊர் ஊராக முறை வைத்துச் சுற்று, அவசரமாகக் கூப்பிட்டால் தனிக் கட்டணம் என்று ஏற்பாடு. மாடுகளின் பட்டியலும் பணம் வசூலாகும் வழியும் கையில் இருந்ததால் அது நடந்தது.

இந்த இரண்டும் நம்மிடமும் இருக்கின்றன. தனியாகத் தொழில் செய்யும் டாக்டரால் முடியாத வேலை பாக்கி வசூல். நமக்கோ அது மாதாமாதம் பழகிய வேலை. ஒரு கணக்குப் போடுவோம். பத்து ஊர்க் குழுக்களில் 400 கறவை மாடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாட்டுக்கு மாதம் 100 ரூபாய் சந்தா என்றால் 40,000 ரூபாய். ஒரு நாளைக்கு 6 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு, லிட்டர் 35 ரூபாய் என்றால், இது அரை நாள் பால்காசு. சேமிப்புப் பணத்தோடு சேர்த்துக் கூட்டத்திலேயே வசூலித்து டாக்டரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். அதற்கு அவர் வாரம் ஒரு நாள் ஒவ்வொரு ஊருக்கும் வருவார். சினை பார்ப்பது, மடி பார்ப்பது, குடற்புழு நீக்கம் எல்லாம் அன்று நடக்கும். மருந்துச் செலவு, சினை ஊசி, ராத்திரி அழைப்பு இதற்கெல்லாம் தனிக் கட்டணம். அதை முன்கூட்டியே பேசி எழுதி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பார்க்கும் மாட்டுக்கு நோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். நடுராத்திரி ஓட்டமும் குறையும். டாக்டருக்கும் அதுதானே வேண்டும்.

ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்காவது இருக்கட்டும். அரசு வேலை கிடைத்தால் போகக்கூடாது என்று எழுதாதீர்கள், அது நியாயமும் இல்லை. மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுதலாம். தங்க ஒரு வீடு, மருந்து வைக்கக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒழுங்கான கரண்ட், சினை ஊசிக்கான நைட்ரஜன் கலன் வாங்க முன்பணம், இவற்றில் கூட்டமைப்பு கைகொடுத்தால் வர யோசிக்கிறவரும் வருவார். வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையத் திட்டம் என்று 2002-ல் மத்திய அரசு தொடங்கியது ஒன்று உண்டு. கால்நடை மருத்துவர் மருந்தகம் வைக்க அதில் வங்கிக் கடனும் மானியமும் உண்டு. பொதுவாக 36 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 44 சதவீதம் என்று மானியம் வைத்தார்கள். வருகிறவரோடு வங்கிக்கு நீங்களும் போய் விவரம் கேளுங்கள்.

இப்போது பெண் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தப் படிப்பு படிக்கிறார்கள். "பொம்பளைப் புள்ளை மாட்டை அடக்குமா?" என்று நம்மில் சிலரே கேட்கிறோம். அடக்குவது கயிறும் பழக்கமும். ராத்திரி அழைத்தால் குழுவிலிருந்து இரண்டு பேர் போய்க் கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். அது கூட இல்லாமல் வா என்றால் யார் வருவார்?

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. கம்பம், சின்னமனூர் பக்கம் மாடு நெருக்கம், ரோடும் உண்டு. வருசநாடு, மயிலாடும்பாறை மலைப்பக்கம் வீடுகள் தள்ளித் தள்ளி, ஆடுகள்தான் அதிகம். அங்கே சந்தாவை நம்பி ஒரு டாக்டர் பிழைக்க முடியாது. அந்த ஊர்க்காரர்கள் அரசு ஊர்தியும் முகாமும் தவறாமல் வர வேண்டும் என்று கிராம சபையில் மனு கொடுப்பதே சரி. சந்தா முறையைக் காட்டி அரசு அங்கிருந்து விலகிக்கொள்ள நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் செய்த மாடு செத்தால், காதுவில்லையோடு டாக்டரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். டாக்டர் இல்லையென்றால் அதுவும் கைக்கு வராது, குழுக்கடன் மட்டும் நிற்கும்.

கடைசியாக, பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி. தேனியிலேயே 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத இடம் உண்டு. தொழுவத்தில் வளர்ந்த பிள்ளை படித்துவிட்டு இங்கேயே வர வாய்ப்பு அதிகம். உங்கள் குழுவில் அப்படிப் பிள்ளைகள் இருந்தால், ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். மாட்டுக் கணக்கையும் அதே நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.