சைக்கிள் ஓடிய ஆறு வருஷம்: தமாகா ஏன் நிலைக்கவில்லை?

திமுக, அதிமுக இரண்டுக்கும் நடுவில் நின்று தமிழ்நாட்டில் ஒரு கட்சி எவ்வளவு காலம் தாங்கும்? இதுக்கு நல்ல உதாரணம் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ். பிறந்தது 1996, காங்கிரஸில் கரைந்தது 2002. அதன் ஏற்ற இறக்கத்தை எங்க கடற்கரைத் தொகுதியை வைத்தே பார்த்துவிடலாம்.

தூத்துக்குடி என்ற பெயரில் மக்களவைத் தொகுதி வந்ததே 2009 தேர்தலில்தான். அதுக்கு முன்னாடி இந்தக் கரைக்குத் திருச்செந்தூர் தொகுதி. காங்கிரஸ் வேர் ஆழமா இருந்த இடம்.

1996 தேர்தலில் ஜெயலலிதாவோடு கூட்டணி என்று நரசிம்மராவ் முடிவு செய்தார். அதிமுக ஆட்சி மேல் மக்களுக்கு இருந்த கோபம் தெரிந்த மூப்பனார் வெளியேறினார். ப.சிதம்பரமும் கூடவே வந்தார். திமுகவோடு கூட்டணி, ரஜினியின் ஆதரவு, சின்னம் சைக்கிள். 'அண்ணாமலை' படத்தில் ரஜினி சைக்கிளில் வந்ததை ஜனங்க மறக்கவில்லை.

விளைவு? சட்டமன்றத்தில் 39 இடம், மக்களவையில் 20. திருச்செந்தூரில் தனுஷ்கோடி ஆதித்தன், சாத்தான்குளத்தில் மணி நாடார் என்று இங்கேயும் சைக்கிள்தான். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸுக்கு ஒரு இடம்கூட இல்லை. மத்தியில் சிதம்பரம் நிதியமைச்சர் ஆனார். 1997-ல் பிரதமர் பதவிக்கே மூப்பனார் பெயர் அடிபட்டது.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

1998-ல் திருச்செந்தூரை அதிமுகவின் நடிகர் ராமராஜன் பிடித்தார். 1999-ல்தான் உண்மையான சோதனை. திமுக பாஜகவோடு போய்விட்டது, காங்கிரஸ் அதிமுகவோடு. பாஜக வேண்டாம், ஜெயலலிதாவும் வேண்டாம் என்றார் மூப்பனார். கிருஷ்ணசாமியின் புதிய தமிழகம், திருமாவளவனின் விடுதலைச் சிறுத்தைகள் ஆகியோரோடு மூன்றாவது அணி கட்டினார். பெரிய கட்சிகள் தலித் இயக்கங்களை எட்ட வைத்திருந்த காலத்தில் அது துணிச்சலான முடிவு. கிடைத்தது சுமார் 7 சதவீத ஓட்டு, இடம் பூஜ்யம். திருச்செந்தூர் திமுகவுக்குப் போனது.

நம்ம தேர்தல் முறையில் அதிக ஓட்டு வாங்கியவர் ஒருவர்தான் ஜெயிப்பார். மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் 7 சதவீதம் தனியா எந்தத் தொகுதியையும் தராது. ஆனா பெரிய கூட்டணியோடு சேர்ந்தா அதே ஓட்டு பல தொகுதிகளில் முடிவையே மாற்றும். நடுவில் நிற்கும் கட்சிக்கு மதிப்பு உண்டு, ஆனா நடுவிலேயே நின்றால் அந்த மதிப்பைக் காசாக்க முடியாது.

அதனாலதான் 2001-ல் மூப்பனார் ஜெயலலிதாவோடயே சேர்ந்தார். சிதம்பரம் அதை ஏற்காமல் காங்கிரஸ் ஜனநாயகப் பேரவை தொடங்கினார். தமாகா 23 இடம் ஜெயித்தது, சாத்தான்குளமும் அதில் ஒன்று. கணக்கு சரியா வந்தது. ஆனா எந்தக் கூட்டணியை எதிர்த்துக் கட்சி பிறந்ததோ, அதே கூட்டணியில் இப்போது காங்கிரஸும் தமாகாவும் ஒண்ணா உட்கார்ந்திருந்தன. அப்ப தனிக்கட்சி எதுக்கு?

அந்த ஆகஸ்டிலேயே மூப்பனார் காலமானார். மறுவருஷம் மகன் ஜி.கே.வாசன் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார். 2003 சாத்தான்குளம் இடைத்தேர்தலில் அந்த இடமும் அதிமுகவுக்குப் போனது. 2014-ல் வாசன் அதே பெயரில் மறுபடி கட்சி தொடங்கினார், ஆனா 1996-ன் அலை திரும்பவில்லை.

தலைவர் போனதால் கட்சி போனது என்று பொதுவா சொல்வாங்க. என் கணிப்பு வேற. காங்கிரஸுக்கும் தமாகாவுக்கும் கொள்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. "யாரோடு கூட்டணி?" என்ற ஒரே கேள்விக்கான பதிலாகப் பிறந்த கட்சி அது. 2001-ல் அந்தப் பதிலை மாற்றிய அன்னைக்கே அதன் கதை முடிந்துவிட்டது. 2002-ல் நடந்த இணைப்பு வெறும் பதிவுதான்.