வானிலிருந்து தெரியும் தேரி, தெரியாத பார்

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே கிடக்கும் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் பரப்பைச் செயற்கைக்கோள் படத்தில் தேட வேண்டியதில்லை. பனங்காட்டுப் பச்சைக்கும் கடற்கரை வெள்ளை மணலுக்கும் நடுவே செக்கச்செவேலென்று தெரிகிறது. மணல் துகள்களின் மேல் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் வந்த நிறம் அது. சூரிய ஒளியின் நீலத்தையும் பச்சையையும் இந்தப் பூச்சு விழுங்கிவிட்டுச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பிலும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்று அளந்து, அங்கே கிடப்பது என்ன பொருள் என்று கண்டறிவதுதான் தொலையுணர்வு.

செவ்வாய்க் கோளையும் இப்படித்தான் படித்தார்கள். மேலே சுற்றிக்கொண்டிருந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம், தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களை அளந்து மெரிடியானி சமவெளியில் ஹெமடைட் இருப்பதைக் கண்டது. ஆனால் அது தேரியைப் போலச் சிவந்ததல்ல. இந்தக் கனிமம் பொடியாக இருந்தால் சிவப்பு, பருமணியாக இருந்தால் சாம்பல் நிறம். கண்ணை மட்டும் நம்பியிருந்தால் தவறவிட்டிருப்பார்கள். பூமியில் அத்தகைய ஹெமடைட் பெரும்பாலும் தண்ணீர் இருந்த இடத்தில் உருவாவது என்பதால், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியை அங்கேயே அனுப்பினார்கள். 2004 ஜனவரியில் இறங்கிய ஊர்தி, சில மில்லிமீட்டர் அளவேயான ஹெமடைட் உருண்டைகள் இறைந்து கிடப்பதைக் கண்டது. பூமியின் கற்களை ஆய்வகத்தில் அளந்து வைத்திருந்ததால்தான் அந்தக் கணிப்பு பலித்தது.

தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் தீவுகளின் கதை இன்னும் சிக்கலானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடித் தொகுதி. இவற்றில் விலாங்குசல்லி ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்ததால், அலையின் வேகத்தைத் தடுக்க ஆளில்லாமல் போனது முக்கியக் காரணம். வான் தீவும் காரைச்சல்லியும் பெருமளவு சுருங்கிவிட்டன. வான் தீவைக் காக்க 2015 இறுதியிலிருந்து கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள்.

எவ்வளவு சுருங்கியது என்று கேட்டால்தான் சிக்கல். அண்மை அகச்சிவப்பில் தண்ணீர் கறுப்பாகவும் மணல் வெளிச்சமாகவும் தெரியும். அந்த எல்லையைக் கரையாக வரைகிறார்கள். 1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 80 மீட்டர் சதுரம். 2 ஹெக்டேர் தீவு அதில் மூன்றே புள்ளிகள். இன்றைய சென்டினல்-2 படத்தில் அதே தீவுக்கு 200 புள்ளிகள் கிடைக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. அதோடு கடல் ஏற்றமும் வற்றமும் இருக்கிறது. இந்த வளைகுடாவில் நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்குவதில்லை என்றாலும், சரிவு குறைந்த மணல் தீவில் அரை மீட்டரே கரையை வெகுதூரம் நகர்த்திவிடும். செயற்கைக்கோள் காலை பத்து மணியை ஒட்டித் தவறாமல் வருகிறது. கடல் அந்த நேரத்துக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே தீவின் பரப்பைச் செய்தியில் படிக்கும்போது, அது வற்றத்தில் அளந்ததா, ஏற்றத்தில் அளந்ததா என்றும் கேட்க வேண்டும்.

துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றி இப்படிப் படமெடுக்கும் சிறிய செயற்கைக்கோள்கள் இனி நம் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்தே கிளம்பவிருக்கின்றன. குலசேகரபட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசேகரபட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே போகலாம்.

ஆனால் இந்தக் கரைக்குப் பெயர் வாங்கித் தந்த முத்துப் பார்களை, அதாவது முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளை, எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. அவை பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருப்பவை. சிவப்பு ஒளி சில மீட்டரிலேயே அடங்கிவிடும். நீலம் ஆழப் போகும் என்றாலும், கலங்கல் மிகுந்த இந்தக் கடலில் அதுவும் அடிவரை போய்த் திரும்பி வராது. ரேடார் அலை தண்ணீரின் மேற்பரப்பைத் தாண்டுவதில்லை. கப்பலில் சோனார் வைத்து ஒலியால் அளந்தால் பாறை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியும்; சிப்பி உயிரோடு இருக்கிறதா என்பதை ஆள் முழுகித்தான் பார்க்க வேண்டும். தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துவிட்டது. தொல்லாயிரம் பார் போன்ற இடங்களைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடியவர்கள் இன்று சங்கு குளிப்பவர்களும் மூத்த மீனவர்களும்தான். சோனார் வரைபடம் தயாரிக்கும்போது அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு பாரின் பெயரையும் அந்தந்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.